‘இன்னும் பேச்சு வரவில்லையே…’: வாசகர் கேள்வி பதில்

சிறு குழந்தைகளின் பேச்சையும் மொழியையும் வீட்டிலேயே வளர்ப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு, பேச்சு மொழிச் சிகிச்சையாளர் இந்த இதழில் பதில் எழுதுகிறார். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் அதை ஒரு கடிதமாகச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம் ஆகிறது. ‘அம்மா’, ‘தாத்தா’, ‘இல்ல’, ‘போ’ என ஐந்தாறு சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. நாங்கள் சொல்வது புரிகிறது. கேட்ட பொருளை எடுத்து வருகிறான். “அவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான், பயப்படாதே” என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?
வாசகி, தென்காசி

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது. தாமதமாகப் பேசும் இயல்பு சில குடும்பங்களில் தலைமுறையாக வருவதுண்டு. சொல்வதை நன்றாகப் புரிந்துகொண்டு, பேச மட்டும் பிந்தும் குழந்தைகளில் பலர் மூன்று, நான்கு வயதுக்குள் தம் வயதுப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் அப்படி எட்டிப் பிடிக்கப்போகிறவர் யார், உதவி கிடைக்காவிட்டால் பின்தங்கப்போகிறவர் யார் என்பதை இரண்டு வயதில் உறுதியாகச் சொல்ல எங்களாலும் முடிவதில்லை. ஆகவே காத்திருக்க வேண்டாம் என்பதே என் பதில். சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் போவது அரை நாள். காத்திருந்து, பிறகு ஒரு குறை தெரியவந்தால் போவது ஒரு வருடம், அதுவும் குழந்தையின் மூளை மொழியை மிக வேகமாக வாங்கிக்கொள்ளும் வருடம்.

பெரும்பாலான குழந்தைகள் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதத்துக்குள் ‘பாபாபா’, ‘மாமாமா’ என்று ஒலிகளை அடுக்கத் தொடங்குகிறார்கள். முதல் பிறந்தநாளையொட்டி முதல் சொல்லைச் சொல்கிறார்கள். இரண்டு வயது நிறையும்போது ஏறத்தாழ 50 சொற்களைச் சேர்த்துக்கொண்டு, ‘பால் வேணும்’, ‘காக்கா போச்சு’ என இரண்டு சொற்களைத் தாமாகவே இணைக்கவும் செய்கிறார்கள். ஓரிரு மாதம் முன்பின் ஆவது இயல்பே. இரண்டேகால் வயதில் ஐந்தாறு சொற்கள் என்பது, பதற வேண்டியதில்லை என்றாலும், பார்த்தே ஆகவேண்டிய அளவு.

முதலில் பார்க்க வேண்டியது காது. “குக்கர் விசிலடித்தால் திரும்பிப் பார்க்கிறானே” என்று பெற்றோர் சொல்வார்கள். விசிலும் கதவு அறையும் சத்தமும் பேச்சைவிட மிகப் பலமானவை; அவற்றுக்குத் திரும்புகிற குழந்தைக்குக்கூட, ‘ச’ போன்ற மெல்லிய ஒலிகள் காதில் விழாமல் போகலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கி, கேட்கும் திறன் நாளுக்கு நாள் கூடிக் குறைவதும் உண்டு. பிறந்தபோது எடை மிகக் குறைவாக இருந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள், கடுமையான மஞ்சள் காமாலை வந்தது, மூளைக்காய்ச்சல் வந்தது, குடும்பத்தில் காது கேளாதவர் இருக்கிறார், பெற்றோர் நெருங்கிய உறவில் மணம் செய்தவர்கள் என்றால் இந்தச் சோதனையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஓ.ஏ.இ. என்ற சோதனையில் காதுக்குள் சிறு முனை ஒன்றை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். ‘பெரா’ என்ற சோதனையைக் குழந்தை தூங்கும்போது செய்வார்கள். இரண்டிலும் வலி இல்லை. குழந்தை பதில் சொல்லத் தேவையும் இல்லை.

மகனுக்குச் சொல்வது புரிகிறது, கேட்டதை எடுத்து வருகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல அறிகுறி. இன்னும் ஒன்றை நீங்களே கவனித்துப் பாருங்கள்: வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டிக் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பேச்சு வருவதற்கு முன்பே வருகிற உரையாடல் அது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, கண்ணோடு கண் பார்ப்பதைத் தவிர்க்கும் குழந்தை, எதையும் சுட்டிக் காட்டாத குழந்தை, முன்பு சொன்ன சொற்களை இழந்துவிட்ட குழந்தை ஆகியோரை எந்த வயதிலும் உடனே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். 2013இல் தொடங்கப்பட்ட ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்கிரம்’ என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் மாவட்டங்களில் செயல்படுகின்றன. அங்கே செவித்திறன் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். தனியாரிடம் போவதானால், அந்தச் சிகிச்சையாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒன்றரை வயது மகளைப் பகலில் என் அம்மா பார்த்துக்கொள்கிறார். போன் காட்டினால்தான் சாப்பிடுகிறாள். அவள் பேச்சு வளர வீட்டில் தினமும் எவ்வளவு நேரம், என்ன பயிற்சி கொடுக்க வேண்டும்? பட அட்டைகள் வாங்கி வைத்திருக்கிறேன்.
வாசகி, கோயம்புத்தூர்

பயிற்சிக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. குளிக்க வைக்கும் நேரம், சோறு ஊட்டும் நேரம், துணி மடிக்கும் நேரம், கடைக்குப் போய் வரும் நேரம் ஆகியவையே அவளுடைய பாட வேளைகள். ஒரே வேலை தினமும் ஒரே வரிசையில் நடப்பதால், அடுத்து என்ன வரும் என்று குழந்தை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. அந்த எதிர்பார்ப்பில் ஒரு சொல்லை வைத்தால் அது ஒட்டிக்கொள்கிறது. குளிக்க வைக்கும்போது “தண்ணி ஊத்தலாமா? ஊத்து, ஊத்து… ஊத்தியாச்சு! இப்ப சோப்பு. கைக்கு சோப்பு, காலுக்கு சோப்பு” என்று, செய்வதையே சொல்லிக்கொண்டு செய்யுங்கள். வாக்கியங்கள் சிறியவையாக இருக்கட்டும். ஆனால் உயிருள்ள பேச்சாக இருக்கட்டும். புத்தகத் தமிழில் “நீரை ஊற்றுகிறேன்” என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அந்தத் தமிழையே குழந்தை முதலில் கற்கிறது.

பட அட்டைகளைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன், ஆனால் அவற்றை நம்பியிருக்க வேண்டாம். அட்டைகள் பெயர்களை மட்டுமே தருகின்றன. யானை, ஆப்பிள், ஏரோப்ளேன் என்று நாற்பது படங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தும், தாகம் எடுத்தால் அம்மாவின் கையைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துச் செல்லும் குழந்தைகளை நான் வாராவாரம் பார்க்கிறேன். ஒரு குழந்தை மற்றவர்களோடு பேச முதலில் தேவைப்படுபவை ‘குடு’, ‘வா’, ‘வேணும்’, ‘வேணாம்’, ‘இன்னும்’, ‘தொற’, ‘போச்சு’, ‘எங்க’ போன்ற சொற்களே. இவை எந்த அட்டையிலும் இல்லை. உங்கள் அடுப்படியில் இருக்கின்றன. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில், காதில் அழுத்தமாக விழும் இடத்தில் நிற்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது காத்திருத்தல். நாம் பேசிக்கொண்டே இருந்தால் குழந்தைக்கு முறை வருவதில்லை. எதையாவது சொன்ன பிறகு, அவள் முகத்தைப் பார்த்தபடி மனத்துக்குள் ஐந்து முதல் பத்து வரை எண்ணுங்கள். முதல் சில நாட்கள் அந்த மௌனம் மிக நீளமாகத் தோன்றும். அதற்குள் அவள் ஒரு பார்வை, ஒரு சைகை, அரைகுறையான ஓர் ஒலி என்று எதைத் தந்தாலும் அதைப் பதிலாக ஏற்று, ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். அவள் “பா” என்றால் “பால்! பால் வேணுமா?” என்றும், “பால்” என்றால் “சூடு பால்” என்றும் சொல்லுங்கள். தவறு என்று திருத்த வேண்டாம். சரியான வடிவம் அவள் காதில் விழுந்தால் போதும். “இது என்ன? இது என்ன?” என்று தேர்வு வைப்பதையும், “சொன்னாத்தான் தருவேன்” என்று பொருளைக் கையில் மறைத்து அழ வைப்பதையும் தவிருங்கள். அதற்குப் பதிலாக இரண்டைக் காட்டி “தோசையா, இட்லியா?” என்று கேளுங்கள். அவள் கை நீட்டினாலும் போதும். நீங்கள் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே கொடுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே தெரியும். உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, விரல் விரலாக மடக்கி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சோறு பங்கிட்டு, பிறகு கை வழியே நண்டு ஊர்ந்து போய்க் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டை எண்ணிப் பாருங்கள். முகத்துக்கு முகம் பார்த்தல், ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருதல், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பெயர், கடைசியில் வரப்போகும் கிச்சுகிச்சுக்கான எதிர்பார்ப்பு என நாங்கள் பயிற்சி அறையில் செய்ய முயல்வது முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. நண்டு முழங்கையைத் தாண்டும் இடத்தில் பாட்டி சற்று நிறுத்திக் குழந்தையைப் பார்க்கட்டும். “ம்!” என்று அவள் அவசரப்படுத்தும் ஒலி, ‘இன்னும்’ என்ற சொல்லின் விதை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். தான் வெறுமனே குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக அவர் எண்ணிக்கொண்டிருக்கலாம்.

இனி போன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரிஷியா குல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீனம் பேசுவோர் 12 முறை அமர்ந்து விளையாடிக் கதை படித்தபோது, அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் என்று வைத்தபோது எதையும் கற்கவில்லை. ஏன் என்று புரிந்துகொள்வது கடினமில்லை: திரை குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை, குழந்தை எதைப் பார்க்கிறது என்று கவனிப்பதும் இல்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. ஊரில் இருக்கும் தாத்தாவோடு பேசும் வீடியோ அழைப்பு இதில் சேராது, ஏனெனில் எதிரில் பதில் சொல்லும் மனிதர் இருக்கிறார்.

ஒரே நாளில் போனை நிறுத்தினால் வீட்டில் போர் மூளும். முதல் வாரம் காலை உணவை மட்டும் போன் இல்லாமல் ஊட்டுங்கள். மொட்டை மாடியிலோ வாசலிலோ உட்கார்ந்து, காக்கைக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய் என்று பாட்டி கொடுக்கட்டும். கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால் பரவாயில்லை. பசித்தால் அடுத்த வேளை சாப்பிடுவாள். பகலெல்லாம் யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுங்கள். அந்த இரைச்சலில் பெரியவர்களும் குறைவாகப் பேசுகிறார்கள், குழந்தைக்கும் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை.

கேள்வி: ஓசூரில் வசிக்கிறோம். நான் தமிழ், என் மனைவி வீட்டில் தெலுங்கு. மூன்று வயது மகன் இரண்டையும் கலந்து பேசுகிறான். குழம்பிவிடுவான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள் மழலையர் பள்ளியில். என்ன செய்வது?
வாசகர், ஓசூர்

நீங்கள் தமிழிலும் உங்கள் மனைவி தெலுங்கிலும் தொடர்ந்து பேசுங்கள். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. தண்ணீருக்கான தெலுங்குச் சொல்லைச் சேர்த்து “அம்மா நீளு குடு” என்று அவன் கலப்பது குழப்பம் அல்ல. தன்னிடம் இருக்கும் இரண்டு பெட்டிகளிலிருந்தும் கைக்குக் கிடைத்த சொல்லை எடுத்துக்கொள்கிறான். நீங்கள் கலக்காமல் பதில் சொல்லிவந்தால், யாரிடம் எது என்று காலப்போக்கில் தானே பிரித்துக்கொள்வான். அவனுக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று கணக்கிடும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பள்ளியின் யோசனையை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். பெற்றோர் தமக்கு இயல்பாக வராத மொழியில் பேசும்போது பேச்சு “கம்”, “சிட்”, “ஈட்”, “டோண்ட் டச்” என்ற கட்டளைகளாகச் சுருங்கிவிடுகிறது. கொஞ்சுவதும், ஏன் மழை பெய்கிறது என்று விளக்குவதும், நேற்று பாட்டி வீட்டில் நடந்ததைக் கதையாகச் சொல்வதும் தாய்மொழியில்தான் நிறைவாக வரும். காரணம் சொல்லவும் கதை கோக்கவும் ஒரு மொழியில் உறுதியாகக் கற்ற குழந்தைக்கு, அந்தத் திறன் ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும். குழந்தைக்குப் பேச்சில் உண்மையிலேயே தாமதம் இருந்தாலும் இதே பதில்தான்: வீட்டு மொழியைப் பறிப்பது சிகிச்சை ஆகாது.

கேள்வி: பேரனுக்குப் பதினாறு மாதம். இன்னும் ‘அம்மா’ என்றுகூடச் சொல்லவில்லை. நாக்கில் வசம்பு உரசித் தடவலாமா? நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, அறுத்துவிட்டால் பேசுவான் என்கிறார்கள்.
வாசகி, தஞ்சாவூர்

வசம்பு வேண்டாம், அம்மா. தலைமுறைகளாகப் பயன்படுத்தியது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை உடையது என்று விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அது பேச்சைக் கொண்டுவரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வேறு பேரக்குழந்தைகள் ஒரு வயதுக்குள் இருந்தால் அவர்கள் நாக்கில் தேனும் தடவாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தைகளுக்கு உயிராபத்தை உண்டாக்கும்.

நாக்கு ஒட்டியிருந்தால் சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பது சிரமமாகலாம், பின்னாளில் ஓரிரு ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம். ஆனால் ‘அம்மா’, ‘பாப்பா’ ஆகிய சொற்களைச் சொல்ல நாக்கு மேலே எழ வேண்டியதே இல்லை. உதடுகள் சேர்ந்தால் போதும். அவையும் வரவில்லை என்றால் காரணம் நாக்கு அல்ல. பேரனின் காதை இந்த வாரமே சோதிக்கச் சொல்லுங்கள். முதல் கடிதத்துக்கு எழுதிய பதில் உங்களுக்கும் பொருந்தும், உங்களுக்குக் கூடுதல் அவசரத்தோடு.

கேள்வி: நான்கு வயது மகள் ‘ராஜா’வை ‘லாஜா’ என்கிறாள், ‘பழம்’ என்பதற்குப் ‘பளம்’. பயிற்சி தேவையா?
வாசகி, மதுரை

இப்போது தேவையில்லை. ‘ர’, ‘ற’, ‘ழ’ ஆகியவை தமிழ்க் குழந்தைகளுக்குக் கடைசியாகக் கைவரும் ஒலிகள். ஐந்து வயதுவரை, சிலருக்கு அதற்கு மேலும், காலம் கொடுக்கலாம். ‘ழ’ விஷயத்தில் வீட்டில் உள்ளவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்றும் கவனியுங்கள். பெரியவர்கள் எல்லோரும் ‘பளம்’ என்று சொல்லும் வீட்டில் குழந்தையும் அப்படிச் சொன்னால் அவள் சரியாகவே கற்றிருக்கிறாள். மூன்று வயதில் வெளியார் ஒருவருக்கு அவள் பேச்சில் முக்கால் பங்கும், நான்கு வயதில் ஏறக்குறைய எல்லாமும் புரிய வேண்டும் என்பதே நாங்கள் பார்க்கும் அளவுகோல். ‘காக்கா’வும் ‘தாத்தா’வும் அவள் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன, பக்கத்து வீட்டாருக்கு ஒன்றும் புரிவதில்லை என்றால் அழைத்து வாருங்கள்.

கேள்வி: மூன்றரை வயது மகன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக “நா… நா… நா… நான் வரேன்” என்று திக்குகிறான். “நிதானமாகச் சொல்லு” என்று திருத்தியும் குறையவில்லை. என் அண்ணனும் திக்கிப் பேசுவார்.
வாசகர், வேலூர்

இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், சொற்களும் வாக்கியங்களும் வேகமாகப் பெருகும் காலத்தில், சில குழந்தைகளுக்கு இப்படித் திக்கல் வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே மறைந்துவிடுகிறது. நீங்கள் ஏதோ செய்துவிட்டதாலோ, அவன் யாரையோ பார்த்துப் பழகியதாலோ வந்தது என்று நினைத்து வருந்த வேண்டாம்.

“நிதானமாகச் சொல்லு”, “மூச்சு விட்டுட்டுச் சொல்லு” ஆகியவற்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அன்போடு சொன்னாலும், ‘உன் பேச்சில் ஏதோ பிழை இருக்கிறது’ என்றே அவன் காதில் விழும். பிழை வந்துவிடுமோ என்ற அச்சம் திக்கலைக் கூட்டும். அவனுக்குச் சொல்லாமல் நீங்கள் உங்கள் பேச்சை நிதானமாக்குங்கள். அவன் பேசி முடித்ததும் ஒரு கணம் விட்டுப் பிறகு பதில் சொல்லுங்கள். அவன் சொல்லவந்த சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். வீட்டில் பலர் ஒரே நேரத்தில் பேசுவதால் அவன் இடம்பிடிக்க அவசரப்பட வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். நாளுக்குப் பத்து நிமிடமாவது, அண்ணன் தம்பிகளோ போனோ இல்லாமல், அவன் மட்டும் உங்களோடு இருக்கும் நேரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் முன் “பேசிக்காட்டு” என்று நிறுத்தாதீர்கள்.

குடும்பத்தில் திக்கல் தொடர்ந்து இருந்தவர் உண்டு, குழந்தை ஆண், தொடங்கியது மூன்று வயதுக்குப் பிறகு என்பதால், தானாகச் சரியாகும் என்று நீண்ட காலம் விட்டுவைக்க உங்கள் மகன் விஷயத்தில் நான் விரும்பமாட்டேன். இந்த மாதத்துக்குள் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரிடம் காட்டுங்கள். திக்கும்போது முகம் இறுகுகிறது, கண்ணை மூடிக்கொள்கிறான், காலைத் தட்டுகிறான், அல்லது பேச வந்ததை “வேணாம், போ” என்று விட்டுவிடுகிறான் என்றால் அந்த ஒரு மாதமும் வேண்டாம். போகும்போது, அவன் இயல்பாக விளையாடிப் பேசுவதை அவனுக்குத் தெரியாமல் ஐந்து நிமிடம் போனில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள்; புதிய இடத்தில் பல குழந்தைகள் வாய் திறப்பதில்லை, திறந்தாலும் அன்றைக்கென்று திக்குவதில்லை.